நெட்டைத் துரையும் சன்னாசி அண்ணனும்

மகனே,

ஈப்போத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டது என்று செல்வி எழுதியிருக்கிறாள். அவள்தான் எழுதியிருக்கிறாள், நீ எழுதவில்லை. மருமகள் கடிதம் போட்டுத்தான் மகன் நலமாக இருக்கிறான் என்று தெரிய வேண்டுமானால் அதுவும் சரிதான், அவள் கையெழுத்து உன்னுடையதைவிட அழகு. தம்பின் ஊர் ரயிலடியில் வண்டி நகரப் போகும் நேரம் பார்த்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, அன்னைக்கு நான் செஞ்சது சரியா, தப்பா?" என்று கேட்டாய். நான், "சாப்பாட்டுத் தூக்கைச் சாய்க்காம வை" என்றேன். உன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். பதில் சொல்ல மனமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் அப்போது பாதிப் பதில்தான் இருந்தது. மீதிப் பாதி போன வாரம்தான் கிடைத்தது. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், செல்வியும் படிக்கட்டும். நீ அவளிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நீ பிறப்பதற்கு முன் உன் அப்பா புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். எங்களுக்குக் கொடுத்த வீட்டுக்கும் துரைமார் கோல்ஃப் ஆடும் திடலுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலிதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் மிளகாய்ப் பாத்தியில் பந்து வந்து விழும். ஒருநாள் ஒரு பந்து என் தண்ணீர்ப் பானையை உடைத்தது. கோபத்தில் அதை எடுத்து அடுப்பில் போட்டேன். வீடெல்லாம் ரப்பர் நாற்றம், உன் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடித்தது யார் என்று பார்க்கலாமென்று வேலியோரம் போய் நின்றவள்தான், அப்புறம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. உன் அப்பாவுக்குப் பந்தும் ஒன்றுதான் பாகற்காயும் ஒன்றுதான். எனக்கோ, யார் அடித்த பந்து என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. தோட்டத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும், அவர்கள் பார்க்காததை நான் பார்த்தேன்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் இரண்டு பேர்தான் எனக்குக் கணக்கு. ஒருவர் எங்கள் தோட்டத்து மேனேஜர். பெயர் என்னவோ இருந்தது, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் அவர் நெட்டைத் துரை. கதவு நிலையில் குனியாமல் நுழைய முடியாத உயரம். அவர் அடிக்கும்போது அவசரமே இருக்காது. கம்பு மேலே போய், அங்கே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கும். பந்து முதலில் தாழ்வாகப் போகும். மற்றவர்களுடைய பந்து சோர்ந்து இறங்குகிற இடத்தில் இவருடையது அப்போதுதான் எழும்பும். ரப்பர் கொடுக்கும் கித்தா மரங்களுக்கு மேலே அந்தப் பந்து வெள்ளையாகப் போவதைப் பார்க்கவே நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன். பால் பொங்கியதற்கு உன் அப்பா திட்டியதெல்லாம் வேறு கதை.

இன்னொருவர் நம் சன்னாசி அண்ணன். துரையின் கம்புப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது அவர் வேலை. ஆள் குட்டை, துரையின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருப்பார். திங்கட்கிழமை புல் வெட்டும் நாள், துரைமார் வர மாட்டார்கள். அன்று மட்டும் பை தூக்குகிறவர்கள் ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. யாரோ ஒரு துரை வளைந்துவிட்டது என்று வீசியெறிந்த இரும்புக் கம்பு ஒன்று சன்னாசி அண்ணனிடம் இருந்தது. அது ஒன்றுதான். ஓங்கி அடிப்பதற்கும் அதுவே, மணலுக்குள்ளிருந்து பந்தைக் கிள்ளி எடுப்பதற்கும் அதுவே, குழியோரத்தில் மெல்ல உருட்டிவிடுவதற்கும் அதுவே. வெறுங்காலில் நடப்பார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் இருக்குமே, அதில் பாதத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, பந்து எந்தப் பக்கம் சாயும் என்று முடிவு பண்ணுவார். அந்தத் திங்கட்கிழமைகளில் அவரை அடிக்க ஆளே கிடையாது. ஞாயிறு ராஜா நெட்டைத் துரை, திங்கள் ராஜா சன்னாசி என்று லயத்துக்கே தெரியும். ஆனால் ஞாயிறு ராஜாவின் பெயர் மட்டும்தான் கிளப்பு மண்டபத்தில் தொங்கும் தேக்குப் பலகையில், கோப்பை ஜெயித்தவர்கள் வரிசையில், பொன்னெழுத்தில் திரும்பத் திரும்ப ஏறியது. சன்னாசி அண்ணன் அந்த மண்டபத்தின் பின்வாசல் வரைக்கும்தான் போவார். அங்கிருந்து பார்த்தாலும் அந்தப் பலகை தெரியும். பையை இறக்கி வைக்கும்போதெல்லாம் அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார் என்று அவர் மனைவி, பாவம் புண்ணியவதி, என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜப்பான்காரன் வந்தான். துரையைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள், திடல் முழுக்க மரவள்ளி நட்டார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அங்கே கிழங்கு பிடுங்கியிருக்கிறேன். சன்னாசி அண்ணன் பக்கத்து வரிசையில் பிடுங்குவார். திடீரென்று மண்வெட்டியை ஊன்றி நின்று, "தங்கச்சி, இப்ப நீ நிக்கிற எடம்தான் ஆறாம் குழி. கொஞ்சம் மரியாதையா பிடுங்கு" என்பார். வயிறு காய்ந்து கிடந்த காலத்தில் அப்படிச் சிரித்தோம். சண்டை முடிந்து துரை எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் மரவள்ளிக்கு நடுவே நின்று, எந்த இடத்தில் எந்தக் குழி என்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்ததை நான் வேலியோரத்திலிருந்து பார்த்தேன். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, இதுகளுக்குப் புல்லைப் பற்றித்தான் கவலை என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாம் தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் காஜா பெராங்குக்கு வந்து, நீ படித்து, ஆபீஸ் உத்தியோகமும் ஆகி, கிளப்பில் நம் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாய். துணைச் செயலாளர் பதவியும் கொடுத்தார்கள். அந்த வருடக் கோப்பையில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று அறிவித்தார்கள். சன்னாசி அண்ணன் தலைமுடி முழுக்க நரைத்து, ஒரு கண்ணில் புரை விழுந்து, அதே வளைந்த கம்போடு வந்து பெயர் கொடுத்தார். நீ பை நிறையப் புதுக் கம்புகளோடு முதல் சுற்றில் அவரை எதிர்த்து ஆடப் போனாய். மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டாய். நான் அன்று சிரித்தது உனக்குக் கோபம். ஆனால் நீ தோற்ற விதத்தைவிட அவர் ஜெயித்த விதத்தைப் பற்றி நீயே சாப்பாட்டை மறந்து பேசிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு உன்மேல் பெருமையாக இருந்தது.

இளவட்டங்களையெல்லாம் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசி ஆட்டத்துக்கு இரண்டு கிழவர்களும் வந்து நின்றார்கள். ஒருவருக்கு முழங்கால் மடங்காது, ஒருவருக்குப் பாதிக் கண் தெரியாது. நடுவர் நீ. காஜா பெராங்கிலிருந்து ஒரு லாரி நிறைய நம் ஜனம், உஜோங் பாசிரிலிருந்து கூட ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று ஆடிய ஆட்டத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். துரையால் முன்போல் தூரம் அடிக்க முடியவில்லை, ஆனால் கம்பு மேலே போய் நின்று யோசிக்கிறதே, அது அப்படியே இருந்தது. சன்னாசி அண்ணனுக்குப் பந்து விழுந்த இடம் தெரியவில்லை, சத்தத்தை வைத்தே நடந்தார். நடந்த இடத்தில் பந்து இருந்தது. கடைசிக் குழிவரை இரண்டு பேரும் சமம். சன்னாசி அண்ணன் தன் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார். துரைக்கு ஓர் அடி பாக்கி. அது விழுந்தால் கோப்பை அவருக்கு, தவறினால் மறுபடியும் முதல் குழியிலிருந்து ஆட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பந்தைப் போட்டு முடித்த சன்னாசி அண்ணன் ஓரமாக ஒதுங்கவில்லை. கால் போன போக்கில் போய், துரையின் இடது தோளுக்குப் பின்னால், அத்தனை வருடமாக நின்ற இடத்தில் நின்றுகொண்டார். துரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தபடியே, தோட்டத்துத் தமிழில், "சன்னாசி, எந்தப் பக்கம்?" என்றார். "வலது பக்கம் பாதிக் குழி தள்ளி, தொரை. மெதுவா" என்றார் இவர். துரை அடித்தார், விழுந்தது. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் தாங்கள் எதிராளிகள் என்ற நினைவு வந்தது. இரண்டு பேருடைய முகத்தையும் நான் பார்த்தேன். எதிராளியிடம் வழி கேட்டால் கேட்டவருக்கு அந்தக் குழி தோல்வி என்பது சட்டம். நீ முன்னால் வந்து அதைச் சொல்லி, கோப்பை சன்னாசிக்கு என்றாய். உன் குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னாய். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, "பையன் சொல்றது சரி" என்று கையை நீட்டினார். சன்னாசி அண்ணன் கையைக் குலுக்கினார். கோப்பையைக் கொடுத்தபோது அதை மேசைமேலேயே வைத்துவிட்டுச் சடக்கு ரோட்டில் இறங்கி நடந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரர்களில் சிலர், நடுவர்ப் பையன் தன் இனத்து ஆளுக்குக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்றார்கள். நம் ஆட்கள் மளிகைக்கடையில் நின்று, "பழக்கத்துல சன்னாசி பதில் சொன்னத இப்படி ஊரறிய எடுத்துச் சொல்லணுமா? வயசான மனுசன நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்திட்டான்" என்றார்கள். "உப்பு வாங்க வந்தா உப்ப வாங்கிட்டுப் போங்க, என் மகனை விலை பேசாதீங்க" என்று நான் போட்ட போட்டில் கடைக்காரரே உள்ளே போய்விட்டார். ஆனால் உன்னைச் சுட்டது அதுவல்ல. கிளப்பிலிருந்து ஆள் அனுப்பியும் சன்னாசி அண்ணன், தன் பெயரைப் பலகையில் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வருடத்துக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. உன் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. பந்தலில் நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? ஒரு மனிதர் ஆயுள் முழுக்க நிமிர்ந்து பார்த்த பலகையில் பெயர் ஏறாமல் போனதற்கு நீ காரணமாகிவிட்டாயோ என்பதுதானே உன் கேள்வி?

நீ போன பிறகு, கல்யாணப் பலகாரத்தை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போனேன். நம் சந்துக்குப் பின்சந்துதான், ஆனாலும் அன்று தூரமாக இருந்தது. சன்னாசி அண்ணன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, எம்மகன் மேல கோவமா?" என்றேன்.

"அவன் மேல எனக்கென்ன கோவம் தங்கச்சி? சட்டத்தச் சொன்னான். சொல்லலைன்னாத்தான் கோவம் வந்திருக்கும்."

"அப்ப கல்யாணத்துக்கு ஏன் வரல?"

அவர் தன் வாயைத் தானே தட்டிக்கொண்டார். "இந்த வாய் மேலதான் கோவம். அன்னைக்கு நான் பை தூக்கப் போகல, ஆடப் போனேன். மொத தடவையா முன்வாசல் வழியாப் போனேன். ஆனா அவரு ஒரு வார்த்தை கேட்டதும் என் காலு அங்க போய் நிக்குது, வாயி தன்னால பேசுது. நாடே மாறிப்போச்சு, இது மட்டும் மாறல. அந்த வார்த்தையில கெடைச்ச பேர எப்படிப் பலகையில போட்டுக்கறது? பாக்கறப்பல்லாம் அதான ஞாபகம் வரும்?"

பலகாரத் தட்டை அவர் பக்கத்தில் பெஞ்சில் வைத்தேன். அந்த நேரத்தில்தான் சந்து முனையில் துரையின் பழைய கார் வந்து நின்றது. கப்பல் ஏறப் போகிறாராம், இனி திரும்ப மாட்டாராம், சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார். காரிலிருந்து இறங்குவதற்கே அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "சன்னாசி, கம்ப எடு. அந்தக் கடைசிக் குழி மட்டும் ஆடலாம், வா" என்றார். அண்ணன் தயங்கினார். "எந்திரிங்கண்ணே" என்று கம்பை நானே எடுத்துக் கொடுத்தேன். யாரும் அழைக்காமலே காரின் பின்சீட்டிலும் ஏறிக்கொண்டேன். இரண்டு பேரும் என்னை இறங்கச் சொல்லவில்லை, சொன்னாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

திடலில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. ஆடினார்கள். துரையின் பந்து எங்கேயோ புதருக்குள் போய்விட்டது, அதை அவர் தேடவும் இல்லை. சன்னாசி அண்ணன் தன் பந்தைக் கடைசிக் குழியின் ஒட்ட வெட்டிய புல்லுக்குக் கொண்டுவந்தார். குழிக்குக் கொஞ்ச தூரம் இருந்தது. பாதத்தால் புல்லைத் தேய்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்தபடியே, துரையைத் திரும்பிப் பார்க்காமல், "எந்தப் பக்கம், தொரை?" என்றார். குரலில் குத்தல் இருந்தது, எனக்குப் புரிந்தது. துரைக்கும் புரிந்திருக்கும். அவர் மறுபேச்சு பேசாமல் வந்து, மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டி, கையை ஊன்றிப் புல்லில் உட்கார்ந்தே விட்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இடது பக்கம். ஒரு குழி தள்ளி. கடைசியில இறக்கம், பாத்து" என்றார். சன்னாசி அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். அவர் காலால் கண்டுபிடித்து வைத்திருந்ததும் அதுதான்.

"ஒங்களுக்குத் தெரியுமா? இத்தனை வருசமும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு தொரை ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டீங்க?"

துரை புல்லிலேயே உட்கார்ந்திருந்தார். "நீ சொன்னா என் கை நடுங்காது, சன்னாசி" என்றார்.

சன்னாசி அண்ணன் குனிந்து இடது பக்கம் ஒரு குழி தள்ளி உருட்டிவிட்டார். விழுந்தது. பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, துரைக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். எனக்கு மட்டும் ஆத்திரம் தாங்கவில்லை. "இந்த ஒரு வார்த்தைய அப்பவே சொல்றதுக்கு என்ன தொரை?" என்று கேட்டேவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லியிருக்கணும்" என்றார். கார் வரை ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். யார் யாரைத் தாங்கினார் என்று பின்னால் நடந்த எனக்கே தெரியவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இது. நீ செய்தது சரி. உன் பயத்துக்காகவோ எங்கள் ஆசைக்காகவோ நீ அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால், துரையின் பெயர் இன்னொரு முறை ஏறியிருக்கும், சன்னாசி அண்ணன் தன் நாக்கைச் சபித்துக்கொண்டே செத்திருப்பார், இந்த இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசாமலே ஒருவர் கப்பலேறியிருப்பார். சரியானதைச் சொன்னாலும் சில பேருக்கு வலிக்கும். வலித்துவிட்டதே என்று சொன்னதைத் திரும்ப வாங்காதே. உத்தியோகத்திலும் அப்படியே இரு. இன்னொன்று, இது வீட்டுக்கு. உனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு உண்டு, அது என்னிடமிருந்து வந்தது. தெரிந்தாலும் செல்வியைக் கேள். கேட்பதோடு நிறுத்திவிடாதே, எதற்காகக் கேட்கிறாய் என்பதையும் அவளிடம் சொல்லிவிடு. உன் அப்பா என்னிடம் உப்பு போதுமா என்றுகூடக் கேட்டதில்லை, அவருக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.

பலகையில் பெயர் ஏறிவிட்டது. சன்னாசி அண்ணனே கிளப்புக்குப் போய், முன்வாசல் வழியாகத்தான் போய், எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். எழுதுகிற அன்று என்னையும் கூப்பிட்டார், நீ இல்லாததால் உன் இடத்தில் நான் நிற்க வேண்டுமாம். சாயம் பூசுகிறவன் ஏணியில் நின்று கடைசி எழுத்தை முடித்துவிட்டு, "பெரியவரே, இன்னும் காயல, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூரிகை கழுவப் போனான். இவருக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணியில் ஏறி, விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டார். கடைசி எழுத்தில் பொன்சாயம் கொஞ்சம் இழுபட்டு, அவர் விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. சாயக்காரன் வந்து பதறிப்போய்த் திருத்தப் போனான். நான் விடவில்லை.

அம்மா